சோழர் காலத்தில் பிறந்து இன்னும் வளரும் மணல்: நுண்ணுயிர்களின் பங்கு என்ன?

பள்ளி விடுமுறையில் போர்ட்டிக்சனுக்கோ பங்கோர் தீவுக்கோ போய்வந்தால், பிள்ளைகளின் காலணியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மணலும் வீடு வந்து சேரும். அதைத் தட்டிக் கூட்டித் தள்ளுவதோடு சரி. உற்றுப் பார்ப்பவர் எவரும் இல்லை.

பாறை உடைந்து தேய்ந்துதான் மணல் உண்டாகிறது என்பது பள்ளியில் படித்த பாடம். ஆனால், உலகின் சில கடல்களில் மணல் உடைந்து உண்டாவதில்லை, வளர்ந்து உண்டாகிறது. அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள பஹாமாஸ் தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடல், அதற்கு மிகப் பெயர்பெற்ற இடம். அங்குள்ள மணல், சிறு முத்துகளைக் கொட்டி வைத்தது போல் உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும்.

அப்படிப்பட்ட மணிகளின் வயதைக் கரிமக் காலக்கணிப்பு முறையில் அளந்தபோது, அரை மில்லிமீட்டர் அளவுள்ள மணிகள்கூட ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வளர்ந்து வந்திருப்பது தெரிந்தது. ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-ஆம் ஆண்டில் கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு வந்த காலத்தில் உருளத் தொடங்கிய ஒரு மணி, இன்றும் கசகசா விதையைவிடச் சிறியதாகவே இருக்கும்.

இவ்வளவு பொறுமையாக இந்த மணியைச் செய்வது யார்? கடல்நீரும் அலையும் மட்டுமா, அல்லது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களா? நூறு ஆண்டுக்கும் மேலாக அறிவியலாளர்கள் விவாதித்து வரும் கேள்வி இது.

மலை தந்த மணல், கடல் தந்த மணல்

தீபகற்ப மலேசியாவின் பெரும்பாலான கடற்கரைகளில் கிடப்பது மலை தந்த மணல். தித்திவங்சா போன்ற மலைத்தொடர்களின் கருங்கல் வெயிலிலும் மழையிலும் சிதைகிறது. அதிலுள்ள படிகக்கல் துகள்கள் எளிதில் கரைவதில்லை. ஆறுகள் அவற்றை உருட்டிக்கொண்டு வந்து கடலில் சேர்க்கின்றன.

இரண்டாவது வகை, கடலே தரும் சுண்ணாம்பு மணல். சிப்பி, சங்கு, பவளம் போன்றவற்றின் ஓடுகள் உடைந்து இது உண்டாகிறது. பவளப்பாறையைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள், செரிக்காத சுண்ணாம்பை வெள்ளை மணலாகவே வெளியேற்றுகின்றன. ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற தீவுகளின் கரைகளில் இந்த வகை மணலும் கலந்து கிடக்கிறது.

இவ்விரண்டிலும் சேராதது பஹாமாஸ் மணி. அதுவும் சுண்ணாம்புதான்; கால்சியம் கார்பனேட் என்பது அதன் வேதியியல் பெயர். சிப்பி ஓடும் முட்டை ஓடும்கூட அதே பொருளால் ஆனவை. ஆனால், இந்த மணி எதிலிருந்தும் உடைந்து வந்ததன்று. மண்ணியலாளர்கள் இதை 'ஓவாய்டு' என்கின்றனர். முட்டை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இத்தகைய மணிகள் ஒட்டி இறுகிய பாறையை ஜெர்மானியர்கள் 'ரோகன்ஸ்டைன்' என்று அழைத்தனர். அதற்கு மீன்சினைக் கல் என்று பொருள். பாறையைப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும்.

சீரக மிட்டாய் போல அடுக்கடுக்காய்

மணியை இரண்டாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் ஏதோ ஒரு சிறு துகள் தெரியும். அது சிப்பித் துணுக்காக இருக்கலாம். மணல் துகளாகவோ சிறு கடலுயிரின் எச்சமாகவோகூட இருக்கலாம். அதைச் சுற்றி, வெங்காயத்தின் தோல்போல, சுண்ணாம்பு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்.

சீரக மிட்டாய் செய்யும் முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சீரகத்தைச் சட்டியில் போட்டு உருட்டிக்கொண்டே சர்க்கரைப் பாகைத் தெளிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிய பூச்சு ஏறும். உருட்டிக்கொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பூசப்பட்டு உருண்டையாகும்.

பஹாமாஸ் திட்டில் கடல் பத்து மீட்டருக்கும் குறைவான ஆழமே கொண்டது. வெயிலில் நீர் சூடாகி ஆவியாகிறது. உப்பும் கரைந்த சுண்ணாம்பும் செறிவாகின்றன. ஏற்றவற்று நீரோட்டம் நாள்தோறும் மணலைப் புரட்டுகிறது. பாகும் உண்டு, உருட்டும் கையும் உண்டு.

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில், கரைந்து நிற்கக்கூடிய அளவைவிடக் கூடுதலாகவே சுண்ணாம்பு இருக்கிறது. ஆனாலும், அது தானாக உடனே படிந்துவிடுவதில்லை. நீரிலுள்ள மெக்னீசியமும் பாஸ்பேட்டும் உயிர்ப்பொருள்களும் படிவதைத் தாமதப்படுத்துகின்றன. படிவதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். விவாதம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

1879-இல் இங்கிலாந்து மண்ணியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, உருளும் பனிப்பந்தில் பனி ஒட்டுவதுபோல மணிமீது சுண்ணாம்பு சேர்கிறது என விளக்கினார். இதில் உயிருக்கு வேலையில்லை; இது வெறும் வேதியியலும் நீரோட்டமும் என்பது அந்தத் தரப்பின் வாதம்.

1908-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி அதை மறுத்தார். வட ஜெர்மனியின் மீன்சினைக் கற்களை ஆராய்ந்த அவர், அவை உருவானதில் உயிர்களுக்குப் பங்குண்டு என்றார். 'ஓவாய்டு' என்ற சொல்லையும், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டிய பாறைக்கு 'ஸ்ட்ரோமாட்டோலைட்' என்ற பெயரையும் தந்தவர் அவரே.

பல்லில் படியும் காரையைப் போல

நுண்ணுயிர் எப்படிக் கல்லை உண்டாக்கும் என்று வியக்க வேண்டியதில்லை. நம் வாய்க்குள்ளேயே அது நடக்கிறது. பல்லைச் சரியாகத் துலக்காவிட்டால் பாக்டீரியாக்கள் பல்லின்மேல் வழவழப்பான படலமாகப் படிகின்றன. எச்சிலில் உள்ள கால்சியம் அந்தப் படலத்தில் சேர்ந்து இறுகிக் காரையாகிறது. பல் மருத்துவர் சுரண்டி எடுப்பது அதைத்தான். அது கால்சியம் பாஸ்பேட், கடல் மணி கால்சியம் கார்பனேட் என்பதே வேறுபாடு. உயிர்ப்படலம் ஒன்று கனிமம் படிய இடம் கொடுப்பது இரண்டுக்கும் பொது.

பஹாமாஸ் மணிகளின் மேலும் அப்படியொரு படலம் உண்டு. மணியின் மேற்பரப்பிலுள்ள நுண்குழிகளுக்குள் பல வகை பாக்டீரியாக்கள் குடியிருப்பதை மயாமி பல்கலைக்கழகத்தின் மாரா டியாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுச் சோதனைகள் மூலம் காட்டியுள்ளனர்.

அவை செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒளிச்சேர்க்கை. நீலப்பச்சை பாக்டீரியாக்கள் வெயிலில் உணவு தயாரிக்க நீரிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. கரியமில வாயு குறைந்தால் நீரால் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்க முடியாது. பத்துமலைக் குகையின் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புத் தூண்களும் இந்த விதிப்படி உருவானவையே. பாறைக்குள் ஊறி வரும் நீர் குகைக் காற்றைத் தொட்டதும் கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. கூடவே சிறிது சுண்ணாம்பையும் விட்டுச் செல்கிறது. குகையில் காற்று செய்வதை, மணியின்மேல் நுண்ணுயிர் செய்கிறது.

இரண்டாவது, உயிர்வளி இல்லாத மூலைகளில் நடப்பது. சில பாக்டீரியாக்கள் உயிர்வளிக்குப் பதிலாக நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி வாழ்கின்றன. அதன் விளைவாகச் சுற்றியுள்ள நீரின் காரத்தன்மை கூடுகிறது. அதுவும் சுண்ணாம்பு படியச் சாதகமான நிலை.

மூன்றாவது, அந்த வழவழப்பான பசை. பாக்டீரியாக்கள் சுரக்கும் இந்தப் பசை கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் இது சுண்ணாம்பு படிவதைத் தடுக்கவே செய்கிறது. பின்னர், வேறு நுண்ணுயிர்கள் அந்தப் பசையைத் தின்னும்போது, அடைபட்டிருந்த கால்சியம் விடுபட்டுச் சுண்ணாம்பாகிறது. மணியின் மேற்பரப்பில் முதலில் உருவமற்ற மிக நுண்ணிய சுண்ணாம்புத் துளிகள் தோன்றுவதையும், அவை பின்னர் 'அரகோனைட்' எனப்படும் ஊசிப் படிகங்களாக மாறுவதற்கான அடையாளங்களையும் மயாமி ஆய்வாளர்கள் கண்டனர்.

கட்டுவதும் துளைப்பதும்

நுண்ணுயிர்கள் எல்லாம் மணிக்கு நன்மை செய்பவை என்று எண்ணிவிடக் கூடாது. சில நீலப்பச்சை பாக்டீரியாக்கள் மணியைத் துளைத்து உள்ளே புகுந்து வாழ்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், கறையான் அரித்த பலகை போல நுண்குழாய்கள் தெரியும். உயிர்வளியை எடுத்துக் கரியமில வாயுவை வெளிவிடும் நுண்ணுயிர்களோ, அருகிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கவும் கூடும்.

துளைகளில் சில மீண்டும் சுண்ணாம்பால் அடைபடுகின்றன. அப்போது மணியின் அழகிய அடுக்குகள் குலைந்து, அந்த இடம் வெறும் மாவுபோல் ஆகிவிடுகிறது. ஆக, ஒரே மணியின்மேல் கொத்தனாரும் இருக்கிறார், இடிப்பவரும் இருக்கிறார், ஓட்டையை அடைப்பவரும் இருக்கிறார்.

கூடு கட்டிய குருவியா, வீடு கட்டிய கொத்தனாரா?

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரோஜர் சம்மன்ஸ் குழுவினர் வேறொரு வழியில் இந்தக் கேள்வியை அணுகினர். பஹாமாஸ் மணிகளையும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே மணிகளையும் அமிலத்தில் கரைத்து, உள்ளே சிறைப்பட்டிருந்த கொழுப்புப் பொருள்களின் எச்சத்தை ஆராய்ந்தனர். ஒவ்வொரு நுண்ணுயிர் வகையும் தனக்கே உரிய கொழுப்பை விட்டுச் செல்வதால், அது கைரேகை போன்றது. உலகின் இரு மூலைகளிலிருந்து வந்த மணிகளிலும் ஒரே மாதிரியான நுண்ணுயிர்க் கூட்டத்தின் அடையாளம் இருப்பதை 2013-இல் அவர்கள் வெளியிட்டனர்.

ஆனால், எதிர்த்தரப்பின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கூரையில் குருவி கூடு கட்டியிருப்பதால், அந்த வீட்டையே குருவிதான் கட்டியது என்று சொல்லிவிட முடியாது. மணிக்குள் நுண்ணுயிர் இருந்தது என்பது வேறு. மணியை நுண்ணுயிர் செய்தது என்பது வேறு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, பஹாமாஸ் மணிகளை நுண்ணுயிர்கள் பெரிதும் மாற்றியமைக்கின்றன. ஆனால் வளர்ச்சிக்கு அவை அடிப்படைக் காரணமல்ல என்ற முடிவுக்கு வந்தது.

2017-இல் எலிசபெத் ட்ரோவரும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்களும் நடத்திய சோதனை இந்த விவாதத்துக்குப் புதிய கோணம் தந்தது. மணிகளைச் சுண்ணாம்பு செறிந்த நீரில் போட்டு, இடைவிடாமல் சுழற்றினர். மணிகள் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக வளரக்கூடியவை என்பதும், மோதலில் ஏறக்குறைய அதே வேகத்தில் தேய்கின்றன என்பதும் தெரியவந்தது.

சம்பளமும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் குடும்பத்தில் சேமிப்பு மெல்லத்தான் ஏறும். மணியின் கதையும் அதுவே. மணி பெரிதாகப் பெரிதாக மோதலின் வேகம் கூடும்; தேய்மானமும் கூடும். ஓர் அளவில் வரவும் செலவும் சமமாகி வளர்ச்சி நின்றுவிடும். ஒரே இடத்திலுள்ள மணிகள் சல்லடையில் சலித்தது போல் ஒரே அளவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆயிரம் ஆண்டு வயது என்பது மந்தமான வளர்ச்சியின் அடையாளமல்ல. ஏறியும் தேய்ந்தும் கடைசியில் மிஞ்சியதன் கணக்கு.

அந்த மிச்சம் எவ்வளவு சிறியது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். அரை மில்லிமீட்டர் மணி ஆயிரம் ஆண்டில் உருவானது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் நாலாயிரத்தில் ஒரு பங்கு தடிமனே சேர்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குப் பூச்சு ஏற ஏறக்குறைய 280 ஆண்டுகள் ஆகும்.

உருளும் நேரம், உறங்கும் நேரம்

அப்படியானால் விடை என்ன? இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதே இப்போது கிடைக்கும் சான்றுகள் காட்டும் விடை.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில், நன்னீரில் உருவாகும் மணிகளில் நுண்ணுயிர்ப் படலத்தின் கைவண்ணம் தெளிவாகத் தெரிகிறது. பஹாமாஸின் கேட் தீவுக்கு அருகிலுள்ள பிஜன் கே என்ற இடத்தில் அலை குறைவு. அங்குள்ள மணிகளுக்குள் இருந்த கொழுப்பு எச்சங்கள், பக்கத்துத் தரையில் விரிந்திருக்கும் நுண்ணுயிர்ப் பாய்களின் எச்சங்களோடு ஒத்துப்போயின. நீரோட்டம் வலுவான திட்டுகளிலோ, வேதியியலும் உருட்டலுமே முன்னிற்கின்றன.

இந்த இரண்டையும் இணைக்கும் யோசனை புதிதல்ல. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1978-லேயே, மணியின் வாழ்வில் நீரோட்டத்தில் உருளும் காலமும், மற்ற மணிகளுக்கு அடியில் புதைந்து ஓய்ந்திருக்கும் காலமும் மாறி மாறி வருகின்றன என்று எடுத்துக்காட்டினர். புரளும் மணலில் எந்த மணியும் எப்போதும் மேலேயே இருப்பதில்லை. உருளும்போது அலை அதை மெருகேற்றுகிறது. புதைந்து உறங்கும்போது நுண்ணுயிர்கள் அதன்மேல் வேலை செய்கின்றன. மீண்டும் மேலே வரும்போது, ஒட்டாத பகுதி தேய்ந்து, ஒட்டியது நிலைக்கிறது.

நமக்கு என்ன?

எங்கோ இருக்கும் மணல் மணி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். லண்டனின் செயிண்ட் பால் பேராலயம் போர்ட்லாந்து கல்லால் கட்டப்பட்டது. அந்தக் கல், ஜுராசிக் காலக் கடலில் உருண்ட இத்தகைய மணிகள் ஒட்டி இறுகியதே. பாத் நகரத்தின் தேன்நிறக் கட்டடங்களும் அப்படியே. அமெரிக்காவின் மயாமி நகரம் நிற்பதும் இப்படிப்பட்ட மணிகளாலான பாறையின் மேல்தான். சவுதி அரேபியாவின் எண்ணெய் வயல்களில், இத்தகைய மணிகள் கலந்த சுண்ணாம்புப் பாறைகளின் இடைவெளிகளிலும் எண்ணெய் தேங்கியுள்ளது.

பூமியின் பழைய கதையைப் படிக்கவும் இந்த மணிகள் தேவை. 250 கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான பாறைகளிலும் இவை உள்ளன. நுண்ணுயிர்கள் இல்லாமல் மணி உருவாகாது என்றால், அந்தப் பாறைகள் அக்காலத்திலேயே உயிர் இருந்ததற்குச் சான்றாகும். உயிர் இல்லாமலும் உருவாகும் என்றால், அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அன்றைய கடல்நீரின் தன்மைக்கு மட்டுமே அது சாட்சி. ஆய்வாளர்கள் விடாமல் வாதிடுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு கவலையும் உண்டு. பஹாமாஸில் ஓஷன் கே என்ற இடத்தில், சுமார் அரை நூற்றாண்டுக்கு முன்பு, இந்த மணலைத் தோண்டி எடுப்பதற்காகவே ஒரு செயற்கைத் தீவு அமைக்கப்பட்டது. சிமெண்டு, கண்ணாடி போன்றவற்றின் மூலப்பொருளாக மணல் கப்பலேறியது. தோண்டும் பணி முடிந்தபின் அந்தத் தீவு, 2019-இல் உல்லாசக் கப்பல் பயணிகளுக்கான விடுமுறைத் தலமாகத் திறக்கப்பட்டது. தோண்டும் எந்திரம் சில நிமிடங்களில் அள்ளும் ஒரு வாளி மணலில், ஆயிரம் ஆண்டு உழைப்பு கொண்ட மணிகள் கோடிக்கணக்கில் இருக்கும்.

கடலும் மாறி வருகிறது. எரிபொருள் புகையின் கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடல் உள்வாங்குகிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் அமிலத்தன்மை சுமார் 30 விழுக்காடு கூடியுள்ளது. கரியமில வாயு குறைந்தால் சுண்ணாம்பு படியும் என்று மேலே பார்த்தோம். அது கூடினால் நடப்பது அதன் நேர்மாறு. பஹாமாஸ் நீரில் இன்னும் சுண்ணாம்பு மிகுதியாகவே உள்ளது. ஆனால், வரவுக்கும் தேய்மானத்துக்கும் இடையிலான அந்தச் சிறிய மிச்சத்தில்தான் மணியே வாழ்கிறது. வரவு சற்றுக் குறைந்தாலும் கணக்கு மாறும்.

பவளத்துக்கும் சிப்பிக்கும் அதே ஆபத்து உண்டு. அவற்றிலிருந்தே நம் தீவுகளின் வெள்ளை மணல் வருகிறது. மலேசியக் கடல் பூங்காக்களில் பவளம் உள்ளிட்ட கடலுயிர்களை எடுக்கச் சட்டத் தடை இருக்கிறது. உயிரற்றது போல் தெரியும் ஒரு பவளத் துண்டை நினைவுப் பொருளாகப் பையில் போடும்போது, நாளைய மணலின் ஒரு பங்கும் சேர்ந்தே கரையேறுகிறது.

அடுத்த முறை காலணியைத் தட்டும்போது, உள்ளங்கையில் சிறிது மணலைப் பரப்பிப் பிள்ளைகளிடம் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கொடுக்கலாம். கண்ணாடிபோல் மின்னுவது மலையிலிருந்து வந்தது. வெண்மையாக, ஒளி ஊடுருவாமல் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஓர் உயிரின் ஓடு. அந்த வெள்ளைத் துகள்மேல் ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்கும். சுண்ணாம்பு என்பதற்கு அதுவே அடையாளம். கரியமில வாயுதான் அப்படி நுரையாக வெளியேறுகிறது. கடல் பல காலம் சேர்த்து வைத்தது, சில நொடிகளில் கரைந்து போவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம்.